வாசலில் போர்டு இருக்கு... உள்ளே வார்டு இருக்கா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஆடி பிறக்கிற வரைக்கும் என் கிளினிக்கில் ஒரு வேடிக்கை நடக்கும். மூட்டுவலி, மூச்சிரைப்பு என்று டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள், நாடி பார்க்கக் கையை நீட்டும்போதே, "என் வலி கிடக்கட்டும் டாக்டர்... பொண்ணு பயாலஜி குரூப் முடிச்சிருக்கா. எம்.பி.பி.எஸ். எல்லாம் நமக்கு எட்டாது. மெடிக்கல் லைன்லயே ஏதாவது சின்னதா..." என்று இழுப்பார்கள். இந்தக் கவலையோடு கையை நீட்டினால் நாடி எப்படி நிதானமாக நடக்கும், சொல்லுங்கள்!

நான் இருப்பது மேற்குத் தாம்பரம். ஸ்டேஷனில் இறங்கி வெளியே வருவதற்குள் நாலு நோட்டீஸாவது கையில் திணிப்பார்கள். 'பாராமெடிக்கல் படிப்பு', 'நூறு சதவிகித வேலை உத்தரவாதம்', 'அரசு அங்கீகாரம் பெற்றது'. ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்தில் ஆரம்பித்து குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வரையிலும், அந்தப் பக்கம் சேலையூர், மேடவாக்கம் வரையிலும் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். துணிக்கடை மாடி, செருப்புக்கடை மாடி என்று எங்கே பார்த்தாலும் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய ஒரு பெண் போர்டில் சிரித்துக்கொண்டிருப்பாள். இவற்றில் நல்ல இடங்களும் உண்டு. ஆனால் எது நல்லது என்பதை அந்தச் சிரிப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன் முழங்கால் வலிக்காக ஓர் அம்மா வந்தார். வீட்டிலேயே தையல் மிஷின் மிதிக்கிறவர். பத்தியம், எண்ணெய் எல்லாம் சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கூடவே மகள், கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் இரண்டு வருஷம் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்திருக்கிறாள். மூன்று தவணையாக ஒண்ணேகால் லட்சம். அதில் இரண்டு தவணை, அம்மாவின் வளையல்.

"பெரிய ஆஸ்பத்திரி லேபுக்கு இன்டர்வியூ போனோம் டாக்டர். சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. 'இது யார் குடுத்தது? எந்த ஆஸ்பத்திரியில டிரெய்னிங் எடுத்தே?'ன்னு ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. இவ பதில் பேசாம நின்னுட்டா."

அந்தச் சர்டிபிகேட்டை நானும் வாங்கிப் பார்த்தேன். தங்க நிற முத்திரை, சிங்கத் தலை மாதிரி ஏதோ ஒரு சின்னம், நாலு கையெழுத்து. கொடுத்தது அந்த இன்ஸ்டிட்யூட்டை நடத்துகிற டிரஸ்ட்டேதான். பல்கலைக்கழகம் இல்லை, அரசுத் துறை இல்லை, எந்தக் கவுன்சிலும் இல்லை. "ஏம்மா, எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருக்கே?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "பத்துப் பேருக்குக்கூட இருக்காது சார். அதுவும் கிளாஸ்ல ஒருத்தருக்கொருத்தர் எடுத்துக்கிட்டதுதான்."

அவள் மக்கு இல்லை. சிவப்பணுவின் ஆயுள் எத்தனை நாள் என்று கேட்டால் பட்டென்று நூற்றிருபது என்றாள். அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

டாக்டரின் கண்ணும் கையும்

'சித்த வைத்தியருக்கும் லேப் டெக்னீஷியன் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் மருந்து செய்யுமிடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். படிப்பு அதிகமில்லை. கல்வத்தில் அரைப்பதுதான் அவர் வேலை. எங்கள் மருந்துகளில் சிலவற்றை இத்தனை ஜாமம் அரைக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு ஜாமம் மூன்று மணி நேரம். யாரும் பார்க்கவில்லையே என்று அரை ஜாமத்தைக் குறைத்தால், எழுதிக் கொடுத்த வைத்தியனுக்கும் தெரியாது, சாப்பிடுகிற நோயாளிக்கும் தெரியாது. உடம்புக்கு மட்டும் தெரியும்! அந்தப் பெரியவர் ஒருநாளும் குறைத்ததில்லை. வைத்தியனின் பேர் அவன் கையில் மட்டும் இல்லை என்பதை நான் கற்றது அந்தக் கல்வத்துக்குப் பக்கத்தில்தான்.

இன்றைய மருத்துவத்தில் கல்வம் போய் கருவிகள் வந்திருக்கின்றன. எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தம் பரிசோதிப்பவர், டயாலிசிஸ் மெஷினைக் கவனிப்பவர், ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாக நிற்பவர், விழுந்த கையை மறுபடி தூக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு பெரிய கூட்டமே டாக்டரின் கண்ணாகவும் கையாகவும் இருக்கிறது. கண் மங்கினால் டாக்டரும் குருடுதான்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் சர்க்கரைக்காக என்னிடம் வந்துகொண்டிருந்தார். வழக்கமான பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். சாயந்திரம் ரிப்போர்ட் வந்தது: பொட்டாசியம் 6.8. இருக்க வேண்டியது 3.5-லிருந்து 5-க்குள். ஏழை நெருங்கினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். எனக்கு வியர்த்துவிட்டது. குடும்பத்தைக் கூப்பிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே இ.சி.ஜி., மறுபடி ரத்தம், ஒரு நாள் ஐ.சி.யூ. கடைசியில் பொட்டாசியம் 4.3! மனிதர் நன்றாக இருந்தார். பில்தான் நன்றாக இல்லை.

என்ன ஆயிற்று? ரத்தம் எடுக்கிற சின்னக் குழாய்களின் மூடியைக் கவனித்திருப்பீர்கள். ஊதா, சாம்பல், சிவப்பு என்று இருக்கும். அது அழகுக்காக இல்லை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஓர் உப்பு தடவியிருக்கும். அந்த உப்பிலேயே பொட்டாசியம் இருக்கிறது. அந்த லேபில் இருந்த பையன் முதலில் ஊதாக் குழாயை நிரப்பியிருக்கிறான். சிவப்பு மூடிக்கு ரத்தம் போதவில்லை. ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிச் சமாளித்துவிட்டான்! அந்த உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அதே ரிப்போர்ட்டில் கால்சியம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. பொட்டாசியம் எகிறி, கால்சியம் விழுந்தால் முதலில் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். அதை அந்தப் பையன் கவனித்திருக்க வேண்டும். பதற்றத்தில் நானும் கவனிக்கவில்லை. விசாரித்தபோது தெரிந்தது, சனி ஞாயிறு கிளாஸில் ஆறு மாதம் படித்தவனாம். குழாயிலிருந்து குழாய்க்கு ஊற்றக் கூடாது என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை.

சாம்பல் மூடிக்கும் ஒரு கதை உண்டு. எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்தால், அதிலுள்ள அணுக்கள் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவிகிதம் சர்க்கரையைத் தின்றுவிடும். அதைத் தடுக்கிற மருந்து உள்ளே இருப்பதுதான் சாம்பல் மூடிக் குழாய். காலையில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறவர், அதை வேறு குழாயில் பிடித்து ஸ்கூட்டரில் மத்தியானம் வரை சுற்றினால் உங்கள் சர்க்கரை 'கன்ட்ரோலில்' இருப்பதாகத்தான் வரும்! அடுத்த தடவை உங்கள் வீட்டில் ரத்தம் எடுக்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள்.

சானடோரியத்தில் நூறு பார்வை

இந்த வேலைகளின் மதிப்பைத் தெரிந்துகொள்ளத் தாம்பரத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். 'சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷனே இருக்கிறதே! இங்கிலாந்தில் காசநோய் வைத்தியம் பார்த்த டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் இங்கே காசநோய் விடுதியைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அதுதான் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பக்கத்திலேயே 2005-லிருந்து எங்கள் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது.

காசநோயைக் கண்டுபிடிக்கப் பல காலமாக இருக்கிற வழி, சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. 'கிருமி இல்லை' என்று எழுதுவதற்கு முன் தகட்டை நகர்த்தி நகர்த்திக் குறைந்தது நூறு இடங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. இருபது இடத்தோடு கண் வலிக்கிறது என்று எழுந்துவிட்டால்? நோயாளி 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்கிக் கொஞ்சுவார். இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஜீன் பரிசோதனை மெஷின்கள் வந்துவிட்டன. ஆனாலும் சளியைச் சரியாக வாங்கி, சரியாக உள்ளே வைக்கிறது ஒரு மனிதரின் கைதானே!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு பெரிய சோதனை செய்தது. நோயாளியைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பது ஒரு பக்கம். வீட்டிலேயே வைத்துக் கொடுப்பது இன்னொரு பக்கம். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் வெளியான முடிவு, உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. மருந்து எழுதியது டாக்டர்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தவர்கள் எல்லாம் டாக்டர்கள் இல்லை. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சரி, உங்கள் பிள்ளை விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் ரொம்ப நாளாக இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் இல்லை. 2007-ல் ஒரு மசோதா வந்து, நிறைவேறாமலே போனது. அந்த இடைவெளியில்தான் மாடிக்கு மாடி போர்டு முளைத்தது. 2021-ல் 'தேசிய இணை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம்' வந்தது. அந்த வருஷம் மே 25 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. லேப், எக்ஸ்ரே-ஸ்கேன், பிசியோதெரபி, கண் பரிசோதனை, டயாலிசிஸ், ஊட்டச்சத்து, மருத்துவப் பதிவேடு என்று பத்துப் பிரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அது பட்டியல் போட்டிருக்கிறது.

அதில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒரு கணக்குதான். டிப்ளமோவோ டிகிரியோ, இந்தத் தொழிலில் 'அலைடு ஹெல்த் புரொபஷனல்' என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது இரண்டாயிரம் மணி நேரம் படித்திருக்க வேண்டும், அதுவும் இரண்டு முதல் நான்கு வருஷத்துக்குள் பரவலாக. இதற்கு மேல்நிலையில் 'ஹெல்த்கேர் புரொபஷனல்' என்று சொல்லிக்கொள்ள டிகிரியோடு 3,600 மணி நேரம். இப்போது நோட்டீஸை எடுங்கள். சனி ஞாயிறு மட்டும், நாளுக்கு நாலு மணி நேரம். வாரத்துக்கு எட்டு, வருஷத்துக்கு லீவே விடாமல் நடத்தினாலும் 416. இரண்டு வருஷம் போனாலும் 832. இரண்டாயிரம் எங்கே, இது எங்கே?

தபால் வழி, ஆன்லைன் என்றால் இன்னும் உஷார். உளவியல், ஊட்டச்சத்து போல இந்தச் சட்டத்துக்குள் வருகிற பாடங்களைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது.

நர்சிங் இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு 1947-லிருந்தே தனிச் சட்டம், தனிக் கவுன்சில். பார்மசிக்கு 1948-லிருந்து தனி. இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. 'நர்சிங் டிப்ளமோ, ஒரே வருஷம்' என்று போட்டிருப்பார்கள். மூன்று வருஷ ஜி.என்.எம்., இரண்டு வருஷ ஏ.என்.எம்., நான்கு வருஷ பி.எஸ்ஸி. இந்த மூன்றில் ஒன்றைக் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் படித்து, தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். ஒரு வருஷத்தில் முடிப்பவர் நர்சுக்கு உதவியாளர். உதவியாளராக இருப்பது கேவலமில்லை. நர்ஸ் என்று சொல்லி உதவியாளர் படிப்பை விற்பதுதான் கேவலம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: குறுகிய காலப் படிப்பு எல்லாமே மோசடி இல்லை. நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதான அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள்! படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் புரட்டிப் போட, டியூபில் கஞ்சி கொடுக்க, சக்கர நாற்காலிக்கு மாற்றப் பழகிய ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட்' என்று அந்த வேலைக்கென்றே பயிற்சி இருக்கிறது. இது இவ்வளவுதான், இந்த வேலைக்குத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்துகிற இடம் நல்ல இடம். அதில் சேர்ந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

மாடி ஏறிப்போய் என்ன கேட்பது?

நோட்டீஸைப் பார்த்துப் போனில் விசாரிக்காதீர்கள். நேரில் போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. முதல் கேள்வி: "சர்டிபிகேட்டில் யார் கையெழுத்து போடுவாங்க?" தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமா, வேறு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமா, அரசு மருத்துவக் கல்வித் துறையா? பதில் பெயரோடு வர வேண்டும். "நாங்க ஐ.எஸ்.ஓ. வாங்கியிருக்கோம் சார்", "எங்க டிரஸ்ட் கவர்ன்மென்ட்ல ரிஜிஸ்டர் ஆனது" என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். டிரஸ்ட்டைப் பதிவு செய்வது பத்திரப் பதிவு மாதிரி. ஐ.எஸ்.ஓ. முத்திரை பிஸ்கட் கம்பெனிக்கும் கிடைக்கும். இரண்டுக்கும் படிப்பின் அங்கீகாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியம்: "பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? வாரத்தில் எத்தனை நாள்?" பெயரைச் சொன்னால் அதோடு விடாதீர்கள். அடுத்த நாள் அந்த ஆஸ்பத்திரிக்கே போய், "இந்த இன்ஸ்டிட்யூட் பிள்ளைகள் இங்கே போஸ்டிங் வருகிறார்களா?" என்று லேபிலோ எக்ஸ்ரே அறையிலோ கேளுங்கள். அரை நாள் செலவாகும், ஒரு லட்சம் மிச்சமாகும். பன்னிரண்டு படுக்கை நர்சிங் ஹோமில் அறுபது பிள்ளைகளுக்குப் பயிற்சி என்றால் ஒரு நோயாளிக்கு ஐந்து பேர். பாவம் அந்த நோயாளி!

எக்ஸ்ரே படிப்பு என்றால் ஒரு தனிக் கேள்வி. கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று அளக்கிற ஒரு சின்ன வில்லை உண்டு. டி.எல்.டி. பேட்ஜ் என்பார்கள், சட்டையில் மாட்டிக்கொள்வது. கதிர்க் கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் இருக்கின்றன. "மாணவர்களுக்குப் பேட்ஜ் கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். 'அது எதுக்கு?' என்று முழித்தால், உங்கள் பிள்ளையின் உடம்பை அங்கே ஒப்படைக்க வேண்டாம்.

போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் படித்து முடித்த இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற போட்டோக்கள் பேசாது. பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டைச் சரிபார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தரச் சொல்லுங்கள். பணத்துக்கு ரசீது, படிப்பின் முழுப் பெயரோடு.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அரசு வழியைப் பார்த்தீர்களா? பி.எஸ்ஸி. லேப் டெக்னாலஜி, ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர்-மயக்கவியல், கிரிட்டிக்கல் கேர், சுவாச சிகிச்சை என்று வரிசையாக டிகிரி படிப்புகளுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மாநிலத் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி வருகிறது. பி.எஸ்ஸி.க்கள் பெரும்பாலும் மூன்று வருஷம், பிறகு ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. பிசியோதெரபி அதைவிட நீளம். அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இரண்டு வருஷ டிப்ளமோக்களும் ஒரு வருஷச் சர்டிபிகேட் படிப்புகளும் இருக்கின்றன. கட்டணம் மாடி இன்ஸ்டிட்யூட் கேட்பதில் ஒரு சிறு பங்குதான். நமக்கு எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் ஒரு பக்கம் செங்கல்பட்டு, ஒரு பக்கம் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி. ஆயிரம் படுக்கை வார்டில் நிற்கிற பிள்ளை ஒரு மாதத்தில் பார்ப்பதை, மாடியில் படம் வரைந்து இரண்டு வருஷத்திலும் காட்ட முடியாது. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த வருஷத் தகவல் கையேட்டை வாங்கி, அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து படியுங்கள். புரோக்கர் வேண்டவே வேண்டாம்.

என் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். 'பத்து நாளில் வர்மம்', 'ஒரு மாதத்தில் தொக்கணம்' என்று எங்கள் பெயரிலும் கடை விரித்திருக்கிறார்கள். முடித்தவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வேறு! பி.எஸ்.எம்.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். சித்த மருத்துவத்தில் இணைத் தொழில் வேண்டுமென்றால், அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசே இரண்டரை வருஷ டிப்ளமோ நடத்துகிறது. ஒன்று பார்மசி, ஒன்று நர்சிங் தெரபி. படித்தவர்கள் மிகக் குறைவு. என் கிளினிக்குக்கே ஓர் ஆள் தேடி அலைந்தவன் நான்.

'படிச்சிட்டு துபாய் போயிடலாம்' என்கிற கனவு உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வளைகுடா நாடுகளில் வேலைக்கு எடுக்கும் முன் உங்கள் சர்டிபிகேட்டைக் கொடுத்த இடத்துக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள். இங்கிலாந்தில் ரேடியோகிராபரும் பிசியோதெரபிஸ்டும் அங்குள்ள கவுன்சிலில் பதிவு பெற்றால்தான் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ள முடியும். இங்கே மூன்று வருஷத்தில் காணாமல் போகிற இன்ஸ்டிட்யூட் அங்கே கடிதத்துக்கு எப்படிப் பதில் போடும்?

சேர்ந்த பிறகு உடம்பு

நல்ல இடத்தில் சேர்த்துவிட்டீர்கள். பிறகு? ஊசியும் ரத்தமும் புழங்குகிற இடம். முதல் வேலை, மஞ்சள்காமாலை பி வகைக்கான தடுப்பூசி. இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. சித்த வைத்தியன் தடுப்பூசி போடச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். கீழாநெல்லி இருக்கிறதே என்று ஊசியைத் தள்ளிப் போடவும் வேண்டாம். குத்திய ஊசிக்கு மறுபடி மூடி மாட்டக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு வீட்டிலும் சொல்லுங்கள். குத்திக்கொண்டால் திட்டுவார்கள் என்று மறைக்காமல், கழுவிவிட்டு அந்த நிமிஷமே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை.

நைட் டூட்டியில் பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா வேண்டாம். ஒன்பது மணிக்கு இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டு, நடுவில் பசித்தால் ஒரு வாழைப்பழம். ராத்திரியில் தயிர் ஆகாது என்பது எங்கள் மரபு. எண்ணெய்க் குளியல் போட்ட அன்று பகலில் தூங்கக் கூடாது என்பதும் மரபு. அதனால் நைட் டூட்டி முடித்து வந்த காலையில் எண்ணெய் வைக்காதீர்கள், வார லீவு நாளில் வையுங்கள். தியேட்டரில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்குப் பின்னங்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் காலைச் சுவரில் உயர்த்திச் சாத்திக் கால் மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள்.

தையல்கார அம்மாவின் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். போன இரண்டு வருஷத்தை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். அம்மா அழுதார். அந்தப் பெண் அழவில்லை. அடுத்த சேர்க்கையில் விண்ணப்பம் போட்டு, ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்தது. முதல் வருஷ லீவில் அம்மாவுக்கு எண்ணெய் வாங்க வந்தாள். "இப்போ எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருக்கே?" என்று கேட்டேன்.

"காலையில ஓ.பி.யில மட்டும் நாப்பது, ஐம்பது பேர் சார். எண்றதை விட்டுட்டேன்" என்றாள்.